மூன்றாவது கர்ப்பம்: கணவர் கையெழுத்து கட்டாயமா?

வலங்கைமான் வாசகி:
இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னவன் பிறந்தபோது இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, நினைவில்லாமல் கிடந்தேன். இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் கணவர், "அம்மா சொல்கிறபடி கேள்" என்கிறார். மாமியாரோ, "திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிப் பெற்றவள் நீ, அந்த அம்பாளுக்கு என்ன பதில் சொல்வாய்?" என்கிறார். தனியார் மருத்துவமனையில், கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் அப்படியா சொல்கிறது? நான் செய்யப்போவது பாவமா?

குத்தாலம் வாசகர்:
சகோதரி, வயிற்றில் இருப்பதும் ஓர் உயிர். அதற்காகப் பேச ஆளில்லை. பெண் குழந்தை என்று தெரிந்து கலைத்த குடும்பங்களை நான் அறிவேன். அதைத் தடுக்கத்தான் 1994இல் தனிச் சட்டமே வந்தது. உரிமை என்ற பேச்சு மறுபடியும் அங்கேதான் கொண்டுபோய் விடும் என்று அஞ்சுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருவையாறு:
அம்மா, முதலில் சட்டம். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கணவர் கையெழுத்தைக் கேட்கவே இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் போதும். உங்களுக்கு வந்த வலிப்பு அதற்குத் தகுந்த காரணம். 2021 திருத்தத்தின்படி சில நிலைமைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். அது மணமாகாத பெண்களுக்கும் பொருந்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் கடைசிச் சொல் மருத்துவருடையதாகவே இருப்பது எனக்கு உடன்பாடில்லை. வேண்டாத கையெழுத்தைக் கேட்கும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

குத்தாலம் ஐயா, நீங்கள் சொன்ன குடும்பங்களை நானும் பிரசவ வார்டில் பார்த்திருக்கிறேன். "என்ன செய்யலாம்?" என்று மருத்துவர் கேட்டால், கட்டிலில் இருப்பவள் வாய் திறக்க மாட்டாள், வாசலில் நிற்கும் மாமியார்தான் பதில் சொல்வார். அன்று கலைக்கச் சொன்னதும் அந்தக் குரல்தான், இன்று பெறச் சொல்வதும் அதுதான். அவளை யார் கேட்டார்கள்?

பாவம் பற்றி: அந்தச் சன்னிதிக்கு நானும் போகிறவள். தலபுராணத்தில், கர்ப்பக் களைப்பில் எழுந்துவந்து பிச்சையிட முடியாத வேதிகை என்ற பெண்ணை முனிவர் சபித்தார், கரு கலைந்தது. அம்பாள் கருவைக் குடத்தில் வைத்துக் காத்தாள், உண்மை. ஆனால் களைத்துக் கிடந்தவளைக் குற்றம் சொன்ன பக்கம் அவள் நிற்கவில்லை. மறுபடி வலிப்பு வந்தால் இரண்டு பிள்ளைகளும் தாயில்லாமல் நிற்பார்களே என்று பயப்படும் உங்களை அவள் கைவிடுவாள் என்று நான் நம்பவில்லை.

வலங்கைமான் வாசகி:
அக்கா, வீட்டில் சொல்லாமல் போகலாமா? மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும் என்கிறார்களே?

ஓய்வுபெற்ற செவிலியர், திருவையாறு:
மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. உதிரப்போக்கு நிற்காமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் விவரத்தை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். சின்னவனின் பிரசவச் சீட்டில் வலிப்பு என்று எழுதியிருக்கும், அதை மறக்காமல் எடுத்துப் போங்கள். துணைக்கு அம்மாவோ அக்காவோ இருந்தால் நல்லது. தள்ளிப்போடாதீர்கள்.