எஸ்2 விண்மீன்: உங்களுக்கு எப்படி அறிமுகமானது?

பால்வீதியின் மையத்தைச் சுற்றிவரும் இந்த விண்மீன் எனக்குக் கட்டத்தாளில் அறிமுகம். முதுகலை இயற்பியல் படித்தபோது, ஆய்வுக் கட்டுரையில் அட்டவணையாக வந்திருந்த அதன் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தேன். 1992இல் தொடங்கும் புள்ளிகள் நிதானமாக நகர்கின்றன. 2002இல் சட்டென்று வளைந்து மறுபக்கம் பாய்கின்றன. எதைச் சுற்றி வளைகிறதோ அந்த இடத்தில் விண்மீன் எதுவும் இல்லை!

அடுத்து கெப்ளரின் மூன்றாம் விதி: அரை நெட்டச்சின் கனத்தைச் சுற்றுக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், மையத்திலுள்ள நிறை சூரிய நிறைகளில் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 16 ஆண்டு, நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு (நீண்ட அச்சில் பாதி) ஏறத்தாழ 1000 வானியல் அலகு; ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரி தூரம். ஆயிரத்தின் கனத்தை 16இன் வர்க்கமான 256ஆல் வகுத்தேன். சுமார் 39 லட்சம் சூரிய நிறை வந்தது. துல்லியமான அளவீடுகள் சொல்வது 43 லட்சம். பள்ளியில் படித்த விதி பால்வீதியின் மையத்தையே எடை போட்டுக் காட்டியதும் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். எஸ்2 அந்த மையத்தை 120 வானியல் அலகு வரை நெருங்குகிறது. சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப்போல் நான்கு மடங்குதான். இவ்வளவு நிறை அதற்குள் அடங்க வேண்டுமென்றால் கருந்துளையைத் தவிர வேறு எதைச் சொல்வது?

— — —

நான் பள்ளி ஆசிரியை. ஆகஸ்ட் இரவொன்றில் மாணவர்களுக்குத் தனுசு மண்டலத்தைக் காட்டி, “பால்வீதியின் மையம் அந்தத் திசையில்” என்றேன். “ஏன் டீச்சர் ஒண்ணும் தெரியல?” என்றாள் ஒரு பெண். நல்ல கேள்வி. நடுவில் 26,000 ஒளியாண்டுக்கும் மேல் தூரம். இடையிலுள்ள தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடுகிறது. அகச்சிவப்பு ஒளி தப்பி வருகிறது. அதைப் பிடித்தாலும் நம் காற்றுமண்டலம் படத்தைக் கலைத்துவிடும். அதனால் வானில் லேசர் பாய்ச்சிச் செயற்கை விண்மீன் ஒன்றை உண்டாக்கி, அதன் நடுக்கத்துக்கு ஏற்பக் கண்ணாடியை நொடிக்குப் பலநூறு முறை நெளிக்கிறார்கள்.

ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஆண்ட்ரியா கெஸ் குழு, சிலியில் ரெய்ன்ஹார்ட் கென்செல் குழு. எஸ்2 போன்ற விண்மீன்களைப் பின்தொடர்ந்து, தனித்தனியாக உழைத்து, மையத்தில் இருப்பது கருந்துளைதான் என்ற ஒரே விடைக்கு வந்தார்கள். 2020 இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவ்விருவருக்கும். கெஸ்ஸின் படத்தை வகுப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

— — —

என்னை ஈர்த்தது 2018 மே. எஸ்2 மையக் கருந்துளையை மீண்டும் மிக நெருங்கிய மாதம், வேகம் நொடிக்குச் சுமார் 7,650 கி.மீ. கருந்துளையின் ஈர்ப்பால் அதன் ஒளி ஐன்ஸ்டைன் கணக்குப்படியே சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தது, அதாவது அலைநீளம் கூடியிருந்தது. அதைவிட என்னை விடாமல் பிடித்திருப்பது அதன் வயது. ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் குறைவு, விண்மீன்களில் குழந்தை. வாயு மேகத்தையே பிய்த்துவிடும் இடத்தில் அது பிறந்திருக்க முடியாது. வெளியே பிறந்து இழுத்து வரப்பட்டதா? ஒன்றையொன்று சுற்றிய இரட்டை விண்மீன்கள் கருந்துளையருகே பிரிந்து, அவற்றில் இது சிக்கிக்கொண்டது என்ற விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதைப் படித்தவர்கள் எழுதுங்கள்.