மகாநிர்வாண்: செத்தவர் பாடும் நாடகத்தை எடுப்பவர்களுக்கு

‘மகாநிர்வாண்’ என்ற இந்த மராத்தி நாடகத்தை எடுக்கும் குழுக்கள் முதலில் சறுக்கும் இடம் அதன் நாயகன் பாவுராவ்தான். செத்துப்போன மனுஷன் தன் சாவையே கீர்த்தனமாகச் சொல்கிறார் என்றதும் நடிகர் கோமாளித்தனம் பண்ணத் தொடங்கிவிடுகிறார். சதீஷ் ஆளேகர் 1974-இல் புணே தியேட்டர் அகாடமிக்காக இதை எழுதி இயக்கியபோது எடுத்துக்கொண்டது மகாராஷ்டிரக் கோயில்களின் கீர்த்தன முறையை. நம் கதாகாலட்சேபத்துக்கு அது பங்காளி; தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் வழியாக நம் கதாகாலட்சேபத்துக்கு வந்த சாகி, திண்டி என்ற பாட்டு வகைகளும் அங்கே உள்ளவைதான். ஆகவே வசனத்தைத் தொடாமல், முதலில் ஒரு சாமி கதையை நின்றபடி, சப்ளாக்கட்டையோடு முழுசாகச் சொல்லவையுங்கள். அந்தப் பக்தி முகம் மாறாமல் பிண விஷயத்துக்கு வந்தால் சிரிப்பு தானாக வரும்.

—

சுருதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு பாடும்படி காட்சி அமைத்தால் மேல்ஸ்தாயியில் மூச்சு போதாது. நடிகரின் வழக்கமான சுருதியில் அரைக்கட்டை இறக்கி, தலைக்குக் கீழே மடித்த துணி வையுங்கள். மூக்கில் பஞ்சை உள்ளே திணித்தால் குரல் அடைத்துவிடும். மெல்லிய திரியாகத் திரித்து விளிம்பில் ஒட்டினால் போதும். மற்றவர்கள் பேசும்போது வயிறு ஏறி இறங்குவதும் தெரியும். மாலையை வயிற்றில் போடாதீர்கள், பூ ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். வேட்டிக் கொசுவத்தைத் தடிப்பாக அங்கே குவித்துவிட்டால் மறைந்துபோகும்.

பாடைக்குப் பச்சை மூங்கில் வேண்டாம், எடை அதிகம். காய்ந்த மூங்கிலில் குறுக்குக் கம்புகளைக் கயிற்றால் இறுக்கி, அடியில் ஒரு பலகை ஒளித்துவையுங்கள். தூக்குகிற நால்வரும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் சரிவார், அரங்கம் தப்பான இடத்தில் சிரிக்கும்.

—

சால்வாசிகள், அதாவது பாவுராவோடு ஒரே வரிசைவீட்டுக் குடியிருப்பில் (சால்) இருப்பவர்கள், அவர்கள் கூட்டம்தான் எனக்கு இதில் பிடித்த பகுதி. அவர்கள் துக்கம் விசாரிக்கிற வேகத்தில்தான் நாடகம் ஓடுகிறது. பழைய சுடுகாடு மூடப்படுகிறது, மின்தகன மேடை வருகிறது, பாவுராவோ பழைய இடத்தில்தான் எரிவேன் என்கிறார். இந்தச் செய்தி முதல் அங்கத்திலேயே தெளிவாகக் காதில் விழாவிட்டால் பிறகு நடப்பது எதுவும் புரியாது. கூட்டம் ஒரே குரலில் பேசும்போது வாக்கியத்தின் கடைசி அசையை விழுங்கிவிடுவார்கள். அதை மட்டும் தனியாக ஒத்திகை பாருங்கள். சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பாதி இறங்கியதும் அடுத்த வரியை எடுங்கள்.

காக்கை பிண்டத்தைத் தொடாத காட்சிக்கு ஒலிப்பதிவுக் காக்கை போடுவதை நான் ஏற்கமாட்டேன். நடிகர்களே கரையட்டும். பிண்டத்துக்குக் குழைந்த சாதத்தில் கொஞ்சம் அரிசி மாவு பிசையுங்கள். வெறும் சாத உருண்டை விளக்குச் சூட்டில் காய்ந்து உதிரும்.

—

பாவுராவின் மனைவி ரமாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. கணவன் போன துக்கத்திலேயே, வந்த ஆண்களில் ‘இடமிருந்து மூன்றாவது’ ஆள்மேல் அவள் மனசு போகிறது. அதை வெட்கமாகவோ ஜாடையாகவோ நடித்தால் மலிவாகிவிடும். ஒப்பாரிக்குரல் மாறாமல், அதே கண்ணீரோடு சொல்லவேண்டும். மகன் நானாவும் அம்மாவைக் குற்றவாளியாகப் பார்க்கக்கூடாது. அவன் முகம் கடுத்தால் கறுப்பு நகைச்சுவை போய்க் குடும்பச் சண்டை நாடகம் ஆகிவிடும். வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் மட்டும் தினமும் அதே ஆளாக இருக்கவேண்டும். கூட்டத்தில் இடம் மாறி நின்று அந்த வசனத்தைக் கெடுக்கும் குழுக்கள் நிறைய. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுங்கள்.