முடி பிடுங்கும் பழக்கம்: முளைக்கும்போது வரும் அரிப்பை எப்படிச் சமாளித்தீர்கள்?

12 வயதிலிருந்து என்னையறியாமல் முடியைப் பிடுங்குகிறேன். ட்ரைக்கோட்டிலோமேனியா என்றார் மருத்துவர். மனசைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், உடம்பு படும் பாட்டை யாரும் கேட்பதில்லை. உச்சந்தலையில் எரிச்சல், சின்னச் சின்னப் புண். சில முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்கிறது; அதைத் தோண்டப் போய் சீழ் வைத்துவிடுகிறது. மணிக்கணக்கில் கையைத் தூக்கியே வைத்திருப்பதால் தோளும் கழுத்தும் வலிக்கின்றன. இமை முடி போனதிலிருந்து கண்ணில் தூசி விழுந்துகொண்டே இருக்கிறது.

(நான் முடியை விழுங்குவதில்லை. விழுங்குகிறவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளலாம்.)

வருஷக்கணக்கில் பிடுங்கினால் வேர் சிதைந்து முடி திரும்ப வராமலே போகலாம் என்பதுதான் என் பயம். உங்களில் யாருக்காவது வழுக்கையான இடத்தில் மறுபடி முளைத்ததா? எத்தனை மாதம் ஆனது? அப்புறம், முளைக்கும்போது வரும் அரிப்புக்கு என்ன செய்தீர்கள்? அந்த அரிப்பில்தான் ஒவ்வொரு முறையும் மறுபடி கை போகிறது.