புதுப்பிப்பு: முன் பிரேக்கைப் பெரிதாக்கிய பிறகு முன்-பின் சமநிலை

முன்பக்கம் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மேல் பேடுகள் எனும் உராய்வுக் கட்டைகளை அழுத்தும் பிடி) பெரிய டிஸ்கும் பொருத்திய பிறகும் கார் நிற்கும் தூரம் குறையவில்லையே என்று முன்பு கேட்டிருந்தேன். பின் பிரேக் குழாயில் புரொபோர்ஷனிங் வால்வு போடுமாறு சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள்.

வால்வைப் போடவில்லை. அது பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே வல்லது. என் காரிலோ பின் பிரேக் ஏற்கெனவே பெயருக்குத்தான் இருந்தது. தொடர்ந்து அழுத்தி நிறுத்திய பின் முன் டிஸ்குகள் நீலம் பூத்திருக்க, பின் டிஸ்குகளில் தயாரிப்பின்போது விழுந்த கடைசல் கோடுகள்கூட அழியாமல் தெரிந்தன. பிரேக்கின் முறுக்குவிசை குழாய் அழுத்தம், பிஸ்டன் பரப்பு, பேடின் உராய்வு, டிஸ்கின் செயல் ஆரம் (மையத்திலிருந்து பேட் அழுத்தும் இடம் வரையான தூரம்) ஆகியவற்றின் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், முன்பக்கம் பரப்பும் ஆரமும் சேர்ந்து கூடியதும், பின் டயர்கள் தம் பிடிப்பை முழுதாகப் பயன்படுத்தும் முன்பே முன் டயர்கள் எல்லையைத் தொட்டு, ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) குறுக்கிட்டுவிட்டது.

ஆகவே பின்பக்கம் உராய்வு கூடிய பேடுகளையும் முன்பக்கம் சற்று மிதமானவற்றையும் போட்டேன். நிற்கும் தூரம் தெளிவாகக் குறைந்துள்ளது. பெரிய பிஸ்டன்களால் நீண்டுவிட்ட பெடல் பயணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு அகன்ற துளையுள்ள மாஸ்டர் சிலிண்டர்தான் (பெடல் மிதிப்பைக் குழாய் அழுத்தமாக மாற்றும் உருளை) வழி.

பிடிப்பு மிகுந்த டயருக்கு மாறினால் கணக்கு மாறும்: வேகம் கடுமையாகக் குறையும்போது எடை முன்னே சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகும், அவை முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழலும். வால்வுக்கு வேலை அப்போதுதான்.