லூக்கா டொஞ்சிச் போனாப்பிறகு டலஸ் மாவ்ரிக்ஸின்ர NBA கூடைப்பந்து மட்ச் பாக்க மனம் வரேல்லை. டீமை மாத்தலாமோ?

வதிரி_த்ரீ:
டேர்க் நொவிட்ஸ்கி ஆடின காலத்தில இருந்து டலஸ்தான். 2011 கிண்ணமும் பாத்தாச்சு, 2024 இறுதித் தொடரில பொஸ்டனிட்ட 4-1 எண்டு தோத்ததும் பாத்தாச்சு. 2025 பெப்ரவரியில லூக்காவை லேக்கர்ஸுக்குக் குடுத்து டேவிஸை எடுத்த ட்ரேட்டுக்குப் பிறகு ஸ்கோரோட சரி. லூக்காவுக்குப் பின்னால லேக்கர்ஸுக்குப் போறதோ? நினைச்சாலே வயித்தைக் குமட்டுது.

கொக்குவில்_பொயின்ட்கார்ட்:
லேக்கர்ஸ் ஆளா மாறத் தேவையில்லை, லூக்காவைப் பாத்தாக் காணும். டலஸின்ர ஒஃபென்ஸ் முழுக்க அவரின்ர கையிலதான் இருந்தது: மேல ஒரு ஸ்க்ரீன் (கூட்டாளி குறுக்க நிண்டு மறிக்கிறது), உயரமான ஆக்கள் லைவ்லியோ கஃபோர்டோ வளையத்துக்கு ஓடுவினம், டிஃபென்ஸ் உள்ளுக்க சுருங்கினா மூலைக்குப் பாஸ், அங்க ஒருத்தன் த்ரீ (மூண்டு புள்ளி) அடிக்க றெடியா நிப்பான். நீங்கள் ரசிச்சது இதைத்தான் எண்டா அது லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போட்டுது.
ஆனா அந்த சீசனின்ர மிச்சத்தை வைச்சு டீமைக் கைவிடாதேங்கோ. டேவிஸ் டலஸுக்கு ஆடின முதல் மட்சிலயே காயம். மார்ச்சில மற்ற நட்சத்திரம் கைரிக்கு முழங்கால் நார் (ஏசிஎல்) கிழிஞ்சுது. அது டீமே இல்லை.

நல்லூர்_பெஞ்ச்:
கோவம் ட்ரேட் செய்த மனேஜர் ஹரிசனில எண்டா, அவரை 2025 நவம்பரில தூக்கிப்போட்டினம். புதுப் பெடியளை எடுக்கிற ட்ராஃப்ட் லொட்டரியில வெறும் 1.8 வீத வாய்ப்போட முதலாவது பிக் விழுந்து கூப்பர் ஃப்ளாக் வந்திட்டார். ஃபோர்வேர்ட் பெடியன், 18 வயசிலயே கோச் கிட் அவரைப் பொயின்ட் கார்டா (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துறவர்) விட்டுப் பாத்தவர். லூக்காவைத் தேடாமல் பாத்தா பிடிக்கும்.
மற்றது நேரம். டலஸில இரவு 7.30 எண்டா இங்க இலங்கையில காலமை 7 மணி, அவையள் மார்ச்சில மணிக்கூட்டை மாத்தினாப்பிறகு 6. வேலை நாளில சீசனின்ர 82 மட்சும் ஆர் பாக்கிறது? அங்கத்தைச் சனி இரவு எங்களுக்கு ஞாயிறு காலமை, அதை மட்டும் முழுசாப் பாருங்கோ. மற்ற மட்சுகளில கடைசி 5 நிமிசம், அதுவும் வித்தியாசம் 5 புள்ளிக்குள்ள இருந்தா மட்டும். நோட்டிஃபிகேஷனை நிப்பாட்டி வையுங்கோ, ஸ்கோர் தெரிஞ்சா ரீப்ளே சப்பெண்டு போயிடும்.

வதிரி_த்ரீ:
சரி, ரெண்டு டீமும் மோதினா ஆருக்குக் கத்துறது?

கொக்குவில்_பொயின்ட்கார்ட்:
2025 ஏப்ரலில லூக்கா டலஸுக்கு வந்து 45 அடிச்சு லேக்கர்ஸை வெல்லவைச்சவர். அரங்கில மாவ்ஸ் ஜேர்சியோட இருந்த சனமே அவருக்குத்தான் கத்தினது. நீங்கள் மட்டும் ஏன் யோசிக்கிறியள்?