புகை எழும்புகிற இடத்தில் 'அல்லேலூயா' பாடுவது எப்படி?

தாழ்சுருதி (கேள்வி)

இங்கே ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் சபையில் பாடகர் குழுவை 14 வருடமாக நடத்துகிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வெளிப்படுத்தின விசேஷம் 19:1-6 பகுதியை வைத்திருக்கிறார்கள். நான் வசனத்தைப் பாட, சபை 'அல்லேலூயா' என்று பதில் பாட வேண்டும். அந்த ஆறு வசனங்களில் நான்கு அல்லேலூயா. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவதே அந்த நான்கு இடத்தில்தான் என்று இதற்காகத் தேடும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

முதலாவது சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவதுதான் சிக்கல். 'அவளுடைய புகை என்றென்றைக்கும் எழும்புகிறது' என்ற வரியோடு ஒட்டிக்கொண்டு வருகிற அல்லேலூயா அது. 'அவள்' என்பது தேவனுடைய நியாயத்தீர்ப்பில் எரிந்துபோகிற பாபிலோன். ஒத்திகையில் அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். டெனர் பாடுகிற பையன் மீதியை எடுத்துக்கொண்டான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் விசுவாசி இல்லை. ஒரு நாள்கூட ஜெபித்து நான் பார்த்ததில்லை, கேலி செய்தும் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஒத்திகைக்கும் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வண்டியிலேயே செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "மூணாவது வரியில சுருதி இறங்கிடுச்சு." எப்போதும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பாட்டின் பொருளை அவர் நம்பவில்லை, சுருதியை மட்டும் காத்தார்.

இப்போது கேள்வி. தேவனுடைய நியாயத்தீர்ப்பு நீதியானது என்று தலையால் ஒத்துக்கொள்கிறேன். அதை ஒரு உபதேசமாகக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியும். ஆனால் அதை ஆராதனையாக, சந்தோஷமாக, நான்கு குரலில் எப்படிப் பாடுவது? உங்களில் யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

---

வசனவாள்

சகோதரரே, ரோமர் 9:20 படியுங்கள். 'மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?' உணர்ச்சியை வைத்து வேதத்தை அளக்கக் கூடாது. அவர் பரிசுத்தர். விசுவாசத்தோடு பாடுங்கள், உணர்ச்சி பின்னால் வரும்.

---

தாழ்சுருதி

நன்றி பிரதர். அந்த வசனம் எனக்கு மனப்பாடம். ஒத்திகையில் அதைச் சொல்லிப் பார்த்தும் குரல் வரவில்லை.

---

ஓய்வுபெற்ற ஸ்டெனோ

தம்பி, வசனவாள் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே. ஆனால் ஆதியாகமம் 18ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள். சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்து வரைக்கும் பேரம் பேசுகிறார். 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று நேருக்கு நேராகவே கேட்கிறார். அவரைப் பார்த்து 'நீ யார்' என்ற அதட்டல் வரவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுமையாகப் பதில்தான் வந்தது.

எனக்குத் தெரிந்தது நீதிமன்றம்தான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். 28 வருடம் சுருக்கெழுத்து எழுதினேன். நீதிபதி சொல்லச் சொல்ல நான் எழுதித் தட்டச்சு செய்த தீர்ப்புகளுக்குக் கணக்கில்லை. பெரும்பாலும் சலிப்பான வேலை, வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு நாளில் ஜெயித்தவர்கள் குதிப்பார்கள், தோற்றவர்கள் சபிப்பார்கள் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியும் உண்டு. ஆனால் ஒரு அம்மாவை மட்டும் மறக்க முடியவில்லை.

சொத்து வழக்கு. எதிர்த்தரப்பு அவருடைய கூடப்பிறந்த அண்ணன். தங்கை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு பத்திரத்தைக் காட்டினார். "நான் கையெழுத்துப் போடவே இல்லை" என்று இந்த அம்மா 11 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் ஒருவரும் நம்பவில்லை. போட்டுவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்பதுதான் பேச்சு. தீர்ப்பு நாளில் நீதிபதி நீளமாக வாசித்தார். நடுவில் ஒரு வரி: 'மேற்படி ஆவணத்தில் காணப்படும் கையொப்பம் வாதியுடையது அல்ல.' அதற்கப்புறம் வாசித்தது எதுவும் அந்த அம்மா காதில் விழவில்லை. சொத்து யாருக்கு, செலவுத்தொகை யார் கட்டுவது, ஒன்றும் தெரியாது. கோர்ட் கலைந்த பிறகு என் மேஜைக்கு வந்து, "அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிம்மா" என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவரும் என்னோடு சேர்ந்து சொன்னார்.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அண்ணன் எழுந்து போகும்போது அவருடைய கண்ணாடிக் கூடு பெஞ்சிலிருந்து விழுந்தது. இந்த அம்மாதான் குனிந்து எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை, அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளிப்படுத்தலை நான் இதோடு வைத்துத்தான் படிக்கிறேன். 19ஆம் அதிகாரத்தில் பாடுகிறவர்கள் தீயை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லை. 6:9-10ஐப் பார். பலிபீடத்தின் கீழே, கொல்லப்பட்டவர்கள் 'எதுவரைக்கும்' என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவும் வாய்தாதான்! 16:7இல் பலிபீடத்திலிருந்தே ஒரு சத்தம், 'உம்முடைய நியாயத்தீர்ப்புகள் சத்தியமும் நீதியுமானவைகள்' என்கிறது. அழுகை கிளம்பிய அதே இடத்திலிருந்து அந்தப் பதில் வருகிறது. 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் சரக்குப் பட்டியல் இருக்கிறது. பொன்னில் தொடங்கி, பட்டு, தந்தம், எண்ணெய், ஆடுமாடு என்று போய், கடைசியில் 'மனுஷருடைய ஆத்துமாக்கள்' என்று முடிகிறது. மனிதரைச் சரக்காக விற்ற சந்தை அது. எழும்புகிற புகை அந்தச் சந்தையினுடையது. விற்கப்பட்டவர்களின் அல்லேலூயாவை உன் அப்பாவின் பக்கம் ஏன் திருப்புகிறாய்? வண்டியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவரை அந்தப் பட்டியலில் எங்கே எழுதுவாய்?

பழைய ஏற்பாட்டில் 'நியாயம் விசாரிப்பது' என்றால் தண்டனை மட்டும் இல்லை, வளைந்ததை நிமிர்த்துவதும் அதுதான். தெபொராளையும் கிதியோனையும் நியாயாதிபதிகள் என்கிறோம், அவர்கள் செய்தது பெரும்பாலும் மீட்பு வேலை. சங்கீதம் 96இல் அவர் நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன, 98இல் ஆறுகள் கைகொட்டுகின்றன. லூக்கா 18இல் அந்த விதவை நடையாய் நடந்து கேட்டதும் தீர்ப்பைத்தான். தீர்ப்பே வராது என்பதுதான் அவளுக்குப் பயங்கரம்.

---

குறுக்குக்கேள்வி

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாடுகிற நாம் எப்போதும் அந்த அம்மா பக்கத்தில்தான் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? ஆமோஸ் 5:18, 'கர்த்தருடைய நாளை விரும்புகிறவர்களுக்கு ஐயோ' என்கிறது. அந்த நாள் தங்கள் எதிரிகளுக்குத்தான் என்று நினைத்து ஆசையாகக் காத்திருந்தவர்களுக்குச் சொன்னது. ஐந்து வசனம் தள்ளி, உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று வருகிறது. அதாவது, பாடகர் குழுவுக்கே தீர்ப்பு! கையெழுத்தைப் போலியாகப் போட்ட அண்ணனும் எங்கேயோ ஒரு குழுவில் பேஸ் பாடிக்கொண்டிருக்கலாம்.

யூதர்கள் இந்தச் சங்கடத்தை நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். எகிப்தியர் கடலில் முழுகுகிறபோது தேவதூதர்கள் பாட வாயெடுத்தார்களாம். "என் கைவேலை கடலில் முழுகுகிறது, நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா?" என்று கடவுள் தடுத்தார் என்று தல்மூதில், அதாவது ரபிகளின் பழைய விளக்கத் தொகுப்பில், இருக்கிறது. இத்தனைக்கும் யாத்திராகமம் 15இல் மோசேயும் மிரியாமும் பாடியதை அவர்கள் அழித்துவிடவில்லை, இன்றும் ஜெபத்தில் சொல்கிறார்கள். தப்பித்தவன் பாடலாம், பார்த்துக்கொண்டிருந்த தூதன் பாடக் கூடாது. எனக்கு அந்த வித்தியாசம் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. சங்கீதப் புத்தகத்தில் முதல் அல்லேலூயா எங்கே வருகிறது தெரியுமா? 104:35. 'பாவிகள் பூமியிலிருந்து நிர்மூலமாகி' என்ற வரிக்குப் பின்னால்! தல்மூதில் பெரூரியா என்ற பெண் இதே வசனத்தை எடுத்துக்கொண்டு தன் கணவரிடம் வாதாடுகிறார். கணவர் ரபி மேயீர், தன்னைத் தொந்தரவு செய்தவர்கள் சாக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த எபிரெயச் சொல்லைப் 'பாவங்கள்' என்று வாசியுங்கள், பாவங்கள் ஒழிந்தால் துன்மார்க்கரும் இருக்க மாட்டார்கள், அவர்கள் மனந்திரும்பும்படி கேளுங்கள் என்றார் பெரூரியா. இலக்கணப்படி அது இழுத்துப் பிடித்த வாசிப்புதான். ஆனால் துன்மார்க்கன் சாவதை நான் விரும்பவில்லை என்று எசேக்கியேல் 33:11இல் கடவுளே சொல்லியிருக்கும்போது, அப்படி இழுப்பதில் தப்பில்லை என்பேன்.

---

அட்டவணைக்காரன்

இறையியல் எனக்கு வராது. எங்கள் சபையில் வாசிப்பு அட்டவணை பார்க்கிறவன், ஒரு தகவல் மட்டும்.

தாழ்சுருதி, இந்தச் சங்கடம் உங்களுக்கு மட்டும் இல்லை. பல சபைகள் சேர்ந்து பயன்படுத்தும் 1992ஆம் ஆண்டுத் திருத்திய பொது வாசிப்பு அட்டவணையை எடுங்கள். மூன்றாண்டுச் சுற்றின் மூன்றாம் ஆண்டில் உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பிந்தைய ஞாயிறுகளில் வெளிப்படுத்தல் வாசிப்பு வரும். 7ஆம் அதிகாரத்திலிருந்து நேராக 21க்குத் தாவிவிடும். கடைசி ஞாயிறுக்கு 22ஆம் அதிகாரம், அதிலும் 15ஆம் வசனத்தையும் 18, 19ஐயும் கத்தரித்துவிட்டு 12-14, 16-17, 20-21 என்று போட்டிருக்கும். விட்டுப்போனவை எல்லாம் வெளியே நிற்கிறவர்களைப் பற்றியதும் எச்சரிப்பும்தான். கத்தோலிக்கர் நாள்தோறும் சொல்லும் ஜெபப் புத்தகமான 1971ஆம் ஆண்டுத் திருப்புகழ்மாலையிலும் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுதாகவே விட்டுவிட்டார்கள்.

கத்தரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற ஞாயிறுகளில் கத்தரித்திருக்கிறேன். ஆனால் கத்தரித்த பிறகு 'உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்' என்று விசுவாசப்பிரமாணத்தில் மட்டும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். உங்கள் சபை அந்த ஆறு வசனத்தை வைத்ததே அபூர்வம். விட்டுவிடாதீர்கள்.

---

தாழ்சுருதி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, 'அந்தப் பட்டியலில் எங்கே எழுதுவாய்' என்ற வரியில் நின்றுவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். அப்பா பாபிலோன் இல்லை, சரி. அதற்காக அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாதே?

---

ஓய்வுபெற்ற ஸ்டெனோ

தெரியாது தம்பி. தெரிந்த மாதிரி ஆறுதல் சொன்னால் அது பொய்க் கையெழுத்து.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தீர்ப்பு வாசிக்கும் முன்னால் முடிவை ஊகித்துச் சொன்ன வக்கீல்கள் எத்தனையோ பேர், பாதிக்கு மேல் தப்பாகப் போகும். நீதிபதி பார்த்த வழக்குக் கட்டு முழுவதையும் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிப்படுத்தல் 15:3-4ஐ எடுத்துப் பார். கண்ணாடிக் கடல் மேல் நிற்கிறவர்கள் 'உம்முடைய நீதியான செயல்கள் வெளியரங்கமாயின' என்று பாடுகிறார்கள். ஆயின. நடந்து முடிந்து, கட்டு முழுவதும் திறந்து வைத்த பிறகு பாடுகிற பாட்டு அது. நாம் அதை முன்கூட்டியே வாங்கிப் பாடுகிறோம், கடனாக. கடன் வாங்கிய பாட்டில் குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

குறுக்குக்கேள்வி தம்பி கேட்டதும் நியாயம். நியாயத்தீர்ப்பைச் சொன்ன இயேசுவே எருசலேமைப் பார்த்து அழுதுகொண்டுதான் சொன்னார், லூக்கா 19:41. உனக்குக் குரல் அடைத்ததை அவிசுவாசம் என்று யார் சொன்னது?

வேலைக்கு வருவோம். பாடுவதற்கு முன்னால் 6:9-10ஐ ஒருவர் வாசிக்கட்டும். அப்புறம் 18ஆம் அதிகாரத்துச் சரக்குப் பட்டியல், அவசரப்படாமல், ஒவ்வொரு பொருளாக. கடைசிப் பொருளுக்குப் பிறகு கொஞ்ச நேரம் மௌனம். அதற்கப்புறம் பாடு.

---

தாழ்சுருதி

பாஸ்டரிடம் கேட்டேன். இரண்டு வாசிப்புக்கும் சரி என்றார். மௌனம் வேண்டாம், ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார்.

---

தாழ்சுருதி (ஐந்து வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வந்தேன். சரக்குப் பட்டியலை வாசித்தது பள்ளி முடித்த ஒரு பெண். 'மனுஷருடைய ஆத்துமாக்கள்' என்ற இடத்தில் அவளே நின்றுவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படித்தான் பாஸ்டர் வேண்டாம் என்ற மௌனமும் வந்துவிட்டது. யாரும் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது அல்லேலூயாவைப் பாடினேன். குரல் வந்தது. சபையும் பாடியது. ஆனால் சுருதி அரைக்கட்டை இறங்கிவிட்டது, எனக்கே கேட்டது. மூன்றாவதில் ஆல்டோக்கள் இழுத்து மேலே கொண்டுவந்தார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்து, பழக்கத்தில், வண்டி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.