படலையில் கேட்ட சைக்கிள் மணி: வன்னியில் தொலைபேசி, உங்கள் அனுபவங்களும் எழுதுங்கள்

2003, போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். வன்னியில் மல்லாவி எங்கள் ஊர். காசு கொடுத்துத் தொலைபேசியில் பேசும் கொமினிக்கேசன் கடை எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல். கனடாவிலிருந்து பெரியண்ணா முதலில் கடைக்கு எடுத்து, "நாளை நாலு மணிக்கு அம்மாவை வரச் சொல்லுங்கள்" என்பார். கடையில் வேலை செய்த தம்பி சைக்கிளில் வந்து படலையடியில் நின்று மணியடிப்பான். அன்றிரவு அம்மாவுக்கு உறக்கம் வராது.

மறுநாள் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு இரண்டு மணிக்கே போய் வாங்கில் இருந்துவிடுவார். அது செய்மதித் தொலைபேசி. குரல் 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்கவே கால் விநாடி பிடிக்கும். மறுமொழி வர இன்னொரு கால் விநாடி. "சாப்பிட்டாயா ராசா?" என்று கேட்பார் அம்மா. சத்தமில்லையே என்று திரும்பவும் கேட்பார். அந்த நேரம் பார்த்து அண்ணாவின் குரல் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும், எங்களுக்கு அவர்களுடையது.

கொழும்புக்கு 1989இலேயே கைத்தொலைபேசி வந்துவிட்டது. போர் நடந்த தொண்ணூறுகளில் எங்களுக்கோ டோர்ச் பற்றரிக்கும் அரசின் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டோம். போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, மின்சாரத்துக்கு முன்னே கைத்தொலைபேசி வந்தது. எங்கள் வீட்டுக்குத் தொலைபேசிக் கம்பி கடைசிவரை வரவேயில்லை. சந்திக் கடையில் ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்துக் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றுவோம். இப்போது அம்மா பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்தே பேசுகிறார். ஆனாலும் அழைப்பு வருமுன் சேலையைச் சரிசெய்துகொள்கிறார்.

சைக்கிளில் செய்தி கொண்டுவந்த அந்தத் தம்பியை 2009க்குப் பிறகு நான் காணவில்லை. வெயிலோ மழையோ, ஒரு செய்தியையும் அவன் தவறவிட்டதில்லை. அந்தக் கடைக்குப் போய்வந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

*

மறுமொழி, ஒட்டுசுட்டானிலிருந்து:

அக்கா, எனக்கு அந்தக் கடை தெரியாது. ஆனால் அப்படி ஒருவரை எனக்கும் தெரியும். நான் ஆசிரியை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதும் பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். காட்டோரக் குடியிருப்புகளில் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு காட்டும். வகுப்பில் பதினொரு பிள்ளைகளின் வீட்டில் வட்ஸ்அப் ஓடும் தொலைபேசியே கிடையாது. கைத்தொலைபேசிக் கோபுரம் வந்துவிட்டது, எல்லோருக்கும் தொடர்பு கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பதினொரு பேரின் முகம்தான் தெரியும்.

பயிற்சித் தாள்களைக் கையால் எழுதினேன். ஊரடங்கிலும் பாண் விற்க அனுமதி பெற்றிருந்த ஐயா ஒருவர் தன் முச்சக்கரவண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிள்ளைகள் எழுதிய விடைகள் மறுநாள் பாண் பெட்டிக்குள் மடித்து வைத்தபடி திரும்பி வரும். தாளில் மா ஒட்டியிருக்கும். அவற்றை இன்னும் வைத்திருக்கிறேன்.